மலிவு என்று பச்சையில் காட்டும் பலகை: ஸ்டீல் பங்குகளுக்கு ஒரு ஸ்கிரீனரின் பி.இ. நிரல்

பங்குகளைச் சலித்தெடுத்துக் காட்டும் ஸ்கிரீனர் சேவை ஒன்றுக்கு 2022 ஏப்ரல் தொடக்கத்தில் ஓராண்டுச் சந்தா கட்டினேன். அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பித்து வருகிறேன். இத்தனை நாள் பயன்படுத்திய ஒன்றைப் பற்றி எழுதும்போது பெயரைச் சொல்லாமல் விடுவது முறையன்று என்று சிலர் கருதலாம். ஆனால் நான் குறையாகச் சொல்லப்போவது இந்த ஒரு சேவைக்கு மட்டும் உரியதன்று. இலவசமாகக் கிடைப்பவை உட்பட நான் பார்த்த ஏனைய ஸ்கிரீனர்களும் பங்கின் விலையை இலாபத்தோடு ஒப்பிடும் பி.இ. விகிதத்தை ஏறக்குறைய இதே முறையில்தான் முன்வைக்கின்றன. ஆகவே பெயரை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஸ்டீல் நிறுவனப் பங்குகளை எடைபோட விரும்பும் ஒருவருக்கு இந்தச் சேவையின் பி.இ. நிரல் எந்த அளவுக்குப் பயன்படும்?

சேவையின் பொது அமைப்பில் குறை சொல்ல அதிகமில்லை. கைப்பேசியிலும் கணினியிலும் விரைவாகத் திறக்கிறது. காலாண்டு முடிவுகள் வெளியான மறுநாளே பெரும்பாலும் ஏறிவிடுகின்றன. விளம்பரத் தொல்லை கிடையாது. முகப்பில் விலை, சந்தை மதிப்பு, பி.இ., புத்தக மதிப்பு (கடன் போக நிறுவனத்தின் சொத்துக்கு ஏட்டில் உள்ள மதிப்பு), டிவிடெண்ட் ஈவு (விலையில் டிவிடெண்ட் எத்தனை விழுக்காடு என்பது) ஆகியவை நிரல்களாக நிற்கின்றன. பி.இ. 10-க்குக் கீழே இருந்தால் அதனருகே பச்சை நிறத்தில் "மலிவு" என்ற முத்திரை விழும். 25-ஐத் தாண்டினால் ஆரஞ்சு நிறத்தில் "விலை அதிகம்" என்று வரும். இந்தப் பச்சை முத்திரையிலிருந்துதான் என் கதை தொடங்குகிறது.

பி.இ. விகிதம் என்பது பங்கின் விலையை, அந்தப் பங்கு ஒன்றுக்குக் கடந்த நான்கு காலாண்டுகளில் கிடைத்த நிகர இலாபத்தால் வகுத்து வரும் எண். இலாபம் இதே அளவில் நீடித்தால் போட்ட பணம் எத்தனை ஆண்டுகளில் இலாபமாகத் திரும்பும் என்பதை அது காட்டுகிறது. "நீடித்தால்" என்ற ஒரு சொல்லில்தான் அதன் உயிர் இருக்கிறது. சோப்பும் பற்பசையும் விற்கும் நிறுவனத்துக்கு அந்தச் சொல்லைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஸ்டீல் நிறுவனத்துக்கு அந்தச் சொல்லைத் தவிர வேறு எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதில்லை என்றுகூடச் சொல்லலாம்.

சந்தா கட்டிய முதல் வாரத்தில் நான் போட்ட வடிகட்டி மிக எளியது: சந்தை மதிப்பு 10,000 கோடி ரூபாய்க்கு மேல், பி.இ. 5-க்குக் கீழ். வந்த பட்டியலில் ஸ்டீல் பங்குகள் வரிசையாக நின்றன. பொதுத்துறையின் செயில் நிறுவனப் பங்கு 100 ரூபாயை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தது, அதன் பி.இ. 3-க்குச் சற்று மேல். டாடா ஸ்டீல் அப்போது 1,300 ரூபாய் அளவில் இருந்தது, பி.இ. 4 அல்லது அதை ஒட்டி. எல்லாவற்றுக்கும் அருகே பச்சை முத்திரை. மூன்றே ஆண்டு இலாபத்தில் ஒரு நிறுவனத்தை முழுதாக வாங்கிவிடலாம் என்றால் அதைவிட மலிவு எங்கே கிடைக்கும் என்று நான் எண்ணியதில் வியப்பில்லை. பட்டியலில் இருந்த ஒரு பங்கை வாங்கினேன். எந்தப் பங்கு என்பது இங்கே முக்கியமில்லை. பத்து வாரங்களில் அதன் விலை மூன்றில் ஒரு பங்கு கரைந்தது என்பதும், அதற்கு அந்த நிறுவனமோ சேவையோ பொறுப்பில்லை, என் வாசிப்புதான் பொறுப்பு என்பதும் மட்டும் போதும்.

இதில் எனக்கே வேடிக்கையாக இருப்பது வேறொன்று. அதே ஏப்ரலில் எங்கள் வீட்டில் மாடி எடுத்துக்கொண்டிருந்தோம். தளம் போடுவதற்குக் கம்பி வாங்கப் போன இடத்தில் கிலோ 70 ரூபாயைத் தாண்டியிருந்தது. "இன்னிக்கு ரேட்டு இன்னிக்கு மட்டுந்தான் சார், நாளைக்கு வந்தீங்கன்னா வேற" என்று கடைக்காரர் சொன்னார். வாழ்நாளில் கம்பி இவ்வளவு விலை விற்றதில்லை என்று மேஸ்திரி ஒரு பக்கம் புலம்ப, நானும் சேர்ந்து புலம்பிவிட்டு, அன்றிரவே அந்தக் கம்பியைச் செய்யும் தொழிலின் பங்குகள் மலிவாக இருப்பதாக நம்பிக் கணினி முன் உட்கார்ந்திருந்தேன். பகலில் கடைப் பலகையில் பார்த்த உச்ச விலையும் இரவில் திரையில் பார்த்த குறைந்த பி.இ.-யும் ஒரே செய்தியின் இரண்டு முகங்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கம்பி விலை உச்சத்தில் இருந்ததால் இலாபம் உச்சத்தில் இருந்தது. இலாபம் உச்சத்தில் இருந்ததால் பி.இ. தாழ்ந்திருந்தது.

இலாபம் இப்படித் தாவுவதற்கான காரணத்தைச் சிறு கணக்கில் காட்டிவிடலாம். ஒரு டன் ஸ்டீலை 70,000 ரூபாய்க்கு விற்கும் ஆலைக்கு எல்லாச் செலவும் சேர்த்து 50,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 20,000 இலாபம். விலை 20 விழுக்காடு மட்டும் குறைந்து 56,000 ஆகிறது, செலவு அப்படியே இருக்கிறது என்றால் இலாபம் 6,000. அதாவது விலை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தபோது இலாபம் பத்தில் ஏழு பங்கு போய்விடுகிறது. இது கற்பனைக் கணக்குதான் என்றாலும் நடந்தது இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை: 2022 ஏப்ரலில் டன்னுக்கு 70,000 ரூபாயைத் தாண்டி விற்ற ஹாட் ரோல்டு காயில் (சூடாக உருட்டிச் சுருட்டிய ஸ்டீல் தகடு) அந்த ஆண்டு முடிவதற்குள் 60,000-க்குக் கீழே வந்தது. விலை குறைந்தால் உற்பத்தியை நிறுத்திவிடலாமே என்றால், இரும்புத்தாதை உருக்கும் ஊதுலை, அடுப்பைப்போல் அணைத்து ஏற்றக்கூடிய பொருளன்று. ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் எரிந்துகொண்டிருப்பதற்காகக் கட்டப்பட்டது. விலை எதுவாயினும் ஆலை உருக்கிக்கொண்டே இருக்கும், விற்றுக்கொண்டே இருக்கும். உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் சீனாவிடம் இருப்பதால், அங்கே கட்டுமானம் தளர்ந்தால் மிச்சச் சரக்கு உலகச் சந்தைக்கு வந்து விழும்.

செலவும் கையில் நிற்பதில்லை. ஊதுலை வழியில் ஒரு டன் ஸ்டீலுக்கு ஏறத்தாழ 1.6 டன் இரும்புத்தாதும் முக்கால் டன்னுக்குக் குறையாத கோக்கிங் நிலக்கரியும் தேவை. தாதுக்குச் சொந்தச் சுரங்கம் வைத்திருக்கும் செயில், டாடா ஸ்டீல் போன்ற நிறுவனங்களும் கோக்கிங் நிலக்கரிக்கு வெளிநாட்டை, முக்கியமாக ஆஸ்திரேலியாவை, நம்பியிருக்கின்றன. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் மார்ச்சில் அந்த நிலக்கரி டன்னுக்கு 600 டாலரைத் தாண்டியது. அந்த விலைக்கு வாங்கிய சரக்கு ஆலைக்கு வந்து, உலைக்குள் போய், கணக்கில் செலவாக ஏறுவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ஆகவே ஏப்ரலில் என் திரையில் தெரிந்த இலாபம், மலிவாக வாங்கிவைத்த பழைய நிலக்கரியையும் உச்ச விலைக்கு விற்ற புதிய ஸ்டீலையும் சேர்த்துப் பெற்ற இலாபம். அந்தச் சேர்க்கை நீடிக்கக்கூடியதன்று.

அதன்மேல் அரசு ஒரு கல்லைப் போட்டது. உள்நாட்டு விலையேற்றத்தைக் கட்டுப்படுத்த 2022 மே 21 அன்று ஸ்டீல் பொருள்கள் பலவற்றுக்கு 15 விழுக்காடு ஏற்றுமதி வரி அறிவிக்கப்பட்டது. அது சனிக்கிழமை, திங்களன்று சந்தை திறந்ததும் டாடா ஸ்டீல், ஜே.எஸ்.டபிள்யூ. ஸ்டீல், ஜிண்டல் ஸ்டீல் ஆகிய பங்குகள் ஒரே நாளில் 10 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தன. அன்று மாலை என் ஸ்கிரீனர் என்ன செய்தது தெரியுமா? விலை குறைந்துவிட்டதால் பி.இ. இன்னும் தாழ்ந்துவிட்டது என்று கணக்கிட்டு, "மேலும் மலிவாகியுள்ள பங்குகள்" என்று எனக்கு அறிவிப்பு அனுப்பியது. கணக்கில் பிழையில்லை. மேலே இருக்கும் விலை இன்றையது, கீழே இருக்கும் இலாபம் கடந்த மார்ச்சோடு முடிந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு வரி வந்து விழுந்திருப்பது வகுத்தல் கணக்குக்குத் தெரியாது. அந்த வரியை 2022 நவம்பர் 19 முதல் அரசே விலக்கிக்கொண்டது.

சந்தை முட்டாளாக இருந்ததால்தான் 3 என்ற பி.இ. கிடைத்தது என்று நான் நினைத்ததும் பிழை. செயில் பங்கு தன் உச்ச விலையை, 150 ரூபாயை, 2021 மே மாதத்திலேயே தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. டாடா ஸ்டீல் அதே ஆண்டு ஆகஸ்டில். இலாபம் உச்சத்தை எட்டிய நிதியாண்டு 2022 மார்ச்சில்தான் முடிந்தது. அதாவது, இந்த இலாபம் நிற்காது என்று சந்தை ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே விலையைக் குறைத்து வைத்திருந்தது. அந்தத் தள்ளுபடியைத்தான் சேவை "மலிவு" என்று முத்திரை குத்திக் காட்டியது.

இனி இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதிக்கு வருகிறேன். சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் பத்தாண்டு வரவு செலவுக் கணக்கு ஒரே அட்டவணையில் கிடைக்கிறது; அதை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளவும் முடியும். ஜூனில் என் இழப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, செயில் நிறுவனத்தின் (துணை நிறுவனங்களைச் சேர்க்காத) தனி நிறுவனக் கணக்கை இறக்கி, நிகர இலாபத்தை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். 2015-16-இல் ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய் நட்டம். அடுத்த ஆண்டு 2,800 கோடிக்கு மேல் நட்டம். அதற்கடுத்து 480 கோடி நட்டம். பிறகு 2018-19-இலும் 2019-20-இலும் இரண்டாயிரம் கோடியைச் சற்றுத் தாண்டிய இலாபம். 2020-21-இல் 3,850 கோடி. 2021-22-இல் 12,015 கோடி. ஏழு ஆண்டுகளையும் கூட்டி வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 கோடி. மொத்தப் பங்குகள் 413 கோடி. ஆகப் பங்கொன்றுக்குச் சராசரி இலாபம் 4 ரூபாய் 40 காசு. ஆனால் திரை பயன்படுத்திய எண் 29 ரூபாய்க்கு மேல். நான் பட்டியலைப் பார்த்தபோது நிலவிய 100 ரூபாய் விலையை இந்தச் சராசரியால் வகுத்தால் பி.இ. 23 வருகிறது, 3 அன்று. அதே பங்கு, அதே விலை. வகுக்கும் எண் மட்டும் வேறு. (சேலம் உருக்காலையும் இந்த நிறுவனத்தின் ஓர் அங்கம்தான், துருப்பிடிக்காத ஸ்டீலுக்குப் பெயர்பெற்ற அந்த ஆலையின் நட்டங்களைப் பற்றி நம் செய்தித்தாள்களில் எத்தனை முறை படித்திருப்பேன்! அதையும் இந்த எண்ணோடு நான் இணைத்துப் பார்த்ததில்லை.)

சராசரி எடுப்பது வெறும் எச்சரிக்கைக் கணக்கு, உண்மையை அது பிடிக்காது என்று வாதிட விரும்புவோருக்கு அடுத்த ஆண்டுக் கணக்கே விடை. 2022 ஜூலை-செப்டம்பர் காலாண்டில் செயில் நட்டம் காட்டியது. 2022-23 முழு ஆண்டுக்குத் தனி நிறுவன இலாபம் 1,903 கோடி ரூபாய். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் நான் கண்ட 1,800 கோடிக்கு அது எவ்வளவு அருகில் வந்து நின்றது என்பதை இன்று பார்த்தாலும் சற்று மலைப்பாகத்தான் இருக்கிறது. டிவிடெண்டும் அதே வழியில் போனது: 2021-22-க்குப் பங்கொன்றுக்கு மொத்தம் 8 ரூபாய் 75 காசு கொடுத்த நிறுவனம், மறு ஆண்டுக்கு 1 ரூபாய் 50 காசு கொடுத்தது. டிவிடெண்ட் ஈவு நிரலைப் பார்த்து வாங்கியவர்களும் பி.இ. நிரலைப் பார்த்து வாங்கியவர்களும் ஏறிய வண்டி ஒன்றே.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிரான ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். 2022 ஜூனில் செயில் 70 ரூபாய் அளவுக்கு இறங்கியபோது திரையில் பி.இ. 2.4 என்று நின்றது. பச்சை முத்திரை அப்போதும் இருந்தது. அந்த விலைக்கு வாங்கியவர்கள் நட்டப்படவில்லை. 2023 மார்ச் இறுதியில் பங்கு 80 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஆக, 100 ரூபாயில் ஒரு பச்சை, 70 ரூபாயில் இன்னொரு பச்சை. முதலாவதை நம்பியவர் இழந்தார், இரண்டாவதை நம்பியவர் பெற்றார். இரண்டையும் பிரித்துக் காட்ட அந்த முத்திரையால் முடியவில்லை என்பதே என் முறையீடு. பிரித்துக் காட்டியிருக்கக்கூடிய எண் அதே திரையில் இரண்டு நிரல் தள்ளி இருந்தது. 2022 மார்ச் கணக்குப்படி செயிலின் புத்தக மதிப்பு பங்கொன்றுக்கு 120 ரூபாய்க்கு மேல். 70 ரூபாய் என்பது அதில் பாதியைச் சற்றே தாண்டிய விலை.

சராசரியும் எல்லா நேரமும் கைகொடுப்பதில்லை. 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தில் சந்தை சரிந்தபோது செயில் இருபது ரூபாய்ச் சொச்சத்துக்கு விற்றது. அப்போது ஐந்தாண்டுச் சராசரி எடுத்திருந்தால் மூன்று நட்ட ஆண்டுகள் சேர்ந்து சராசரியே நட்டமாக வந்திருக்கும். "வாங்கவே கூடாது" என்று கணக்குச் சொல்லியிருக்கும். பதினான்கு மாதங்களில் அந்தப் பங்கு ஏழு மடங்காகியது. அப்போதும் புத்தக மதிப்பு 90 ரூபாய்க்கு மேல் இருந்தது; நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் ஆலைகளும் சுரங்கங்களும் கிடைத்துக்கொண்டிருந்தன. இதனால் ஸ்டீல் பங்குகளுக்கு நான் முதலில் பார்ப்பது விலைக்கும் புத்தக மதிப்புக்கும் உள்ள விகிதத்தையே. அதையடுத்து ஏழு அல்லது பத்தாண்டுச் சராசரி இலாபத்தை. திரையில் தெரியும் பி.இ. அதற்கும் பிறகுதான். பழைய உலைகளை இன்னும் முழு மதிப்பில் ஏட்டில் வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் புத்தக மதிப்பும் ஏமாற்றும் என்பது தெரிந்ததே என்றாலும், இலாபத்தைப்போல் அது ஓராண்டில் ஆறு மடங்கு ஏறி இறங்குவதில்லை.

சராசரி பி.இ.-யை ஒவ்வொரு முறையும் தாளில் போடத் தேவையின்றி, "சொந்த விகிதம்" என்ற வசதியில் சூத்திரம் எழுதிச் சேமித்துக்கொள்ளச் சேவை இடம் தருகிறது. நல்ல வசதி, ஆனால் இடையில் ஓராண்டு நட்டம் இருந்தால் சில நேரம் அந்த ஆண்டைச் சுழியமாக எடுத்துக்கொண்டு கூட்டிவந்தது. ஸ்டீல் துறையில் நட்ட ஆண்டுகளை விட்டுவிட்டுச் சராசரி எடுப்பது, மழை பெய்த நாள்களை நீக்கிவிட்டு வெயிலின் சராசரியைச் சொல்வதைப் போன்றது. இந்தப் பிழையை நான் எழுதித் தெரிவித்தபின் சரிசெய்தார்கள். ஆனால் மூன்று மாதங்கள் ஆயின.

டாடா ஸ்டீல் வரிசையில் இந்தச் சேவையின் வேறு சில பலவீனங்கள் தெரிகின்றன. 2022 ஜூலை இறுதியில் அந்த நிறுவனம் 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 1 ரூபாய் முகமதிப்புள்ள பத்துப் பங்குகளாகப் பிரித்தது. விலை பத்தில் ஒன்றாகிவிட்டது. ஆனால் சேவையின் கணக்கில் பங்கொன்றுக்கான இலாபம் மூன்று நாள்கள் பழைய 332 ரூபாயிலேயே நின்றது. விளைவாக, இந்தியாவின் பழம்பெரும் உருக்கு நிறுவனம் ஒன்று 0.3 என்ற பி.இ.-யில் விற்பதாகத் திரை அறிவித்தது. நான்கு மாத இலாபத்தில் முதல் திரும்பிவிடும் என்று பொருள்! அதற்கும் பச்சை முத்திரைதான். சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம் என்றாலும், வடிகட்டியை மட்டும் நம்பித் தானாக ஆர்டர் போடுபவர் ஒருவர் இருந்திருந்தால் அவருக்குச் சிரிப்பு வந்திருக்காது.

இதைவிடப் பெரிய சிக்கல், எந்தக் கணக்கை எடுத்துக்கொள்வது என்பது. டாடா ஸ்டீல் 2007-இல் வாங்கிய கோரஸ் நிறுவனத்தின் வழியாக வேல்ஸிலும் நெதர்லாந்திலும் ஆலைகளை வைத்திருக்கிறது. வேல்ஸின் போர்ட் டால்போட்டில் இருந்த இரண்டு ஊதுலைகளையும் மூடுவதற்கான செலவுகளும் மதிப்புக் குறைப்புகளும் சேர்ந்து 2023-24-இல் துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு 4,910 கோடி ரூபாய் நட்டம் காட்டியது; அதே ஆண்டில் இந்தியச் செயல்பாடுகளைக் கொண்ட தனி நிறுவனக் கணக்கு 4,000 கோடிக்கு மேல் இலாபம் காட்டியது. சேவை இயல்பாகக் காட்டுவது ஒருங்கிணைந்த கணக்கை. அது சரியான தேர்வே. ஆனால் நட்டம் வந்தவுடன் பி.இ. கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் போட்டுவிட்டு, பி.இ. வைத்துப் போடும் எந்த வடிகட்டியிலும் அந்தப் பங்கைச் சத்தமில்லாமல் விலக்கிவிடுகிறது. ஏன் இல்லை என்று தேடிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். துறைச் சராசரி பி.இ. என்று மேலே காட்டும் எண்ணிலும் நட்டக் கணக்கு நிறுவனங்கள் சேர்வதில்லை. அதனால் துறை மோசமாக இருக்கும் ஆண்டில் அந்தச் சராசரி, தப்பிப் பிழைத்தவர்களின் சராசரியாக மாறிவிடுகிறது.

அடுத்த ஆண்டு இன்னொரு வேடிக்கை. 2024-25-க்கு ஒருங்கிணைந்த இலாபம் 3,000 கோடியைச் சற்றே தாண்டியது. பங்கொன்றுக்கு மூன்று ரூபாய்க்கும் குறைவு. மார்ச் இறுதியில் விலை 154 ரூபாய் அளவு. பி.இ. 50-ஐத் தாண்டி ஆரஞ்சு முத்திரையோடு நின்றது. இதே நிறுவனம் 41,749 கோடி ஈட்டிய ஆண்டில் பச்சை, 3,000 கோடி ஈட்டிய ஆண்டில் ஆரஞ்சு. நான் 2020-21 முதல் 2024-25 வரை ஐந்தாண்டுகளைக் கூட்டினேன்: 8,190, 41,749, 8,075, பிறகு 4,910 நட்டம், பிறகு 3,174. சராசரி 11,256 கோடி. பங்கொன்றுக்கு ஏறத்தாழ 9 ரூபாய். 154-ஐ அதனால் வகுத்தால் 17. அதை மலிவு என்றும் சொல்ல முடியாது, 50 என்ற எண் மிரட்டும் அளவுக்கு விலையேறியது என்றும் சொல்ல முடியாது. 2025 ஏப்ரலில் இறக்குமதித் தட்டை ஸ்டீல் மீது அரசு 12 விழுக்காடு தற்காலிகப் பாதுகாப்பு வரி விதித்தது. அக்டோபரில் பங்கு 170 ரூபாய்க்கு மேல் விற்றது. ஆரஞ்சு முத்திரைக்கு அஞ்சி ஒதுங்கியவர்களில் நானும் ஒருவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. 2022-இல் பச்சையை நம்பினேன், 2025-இல் ஆரஞ்சை நம்பினேன். தாளில் போட்ட கணக்கு கையிலேயே இருந்தும்.

இது நம் நாட்டு நிறுவனங்களின் கோணல் என்றும் நினைக்க வேண்டாம். கூடுதல் கட்டணத்தில் வரும் வெளிநாட்டுப் பங்குகள் பகுதியில் அமெரிக்காவின் நூகோர் நிறுவனத்தைப் பார்த்தேன். ஊதுலை இல்லாமல் மின்வில் உலையில் பழைய இரும்பை உருக்குவதால் விலை குறையும்போது ஓரளவு உற்பத்தியைச் சுருக்கிக்கொள்ளக்கூடிய நிறுவனம் அது. அங்கேயும் 2022-இல் பங்கொன்றுக்கு இலாபம் 28.79 டாலர், 2024-இல் 8.46 டாலர். 2022 இறுதியில் 130 டாலர் விலையில் பி.இ. 5-க்கும் கீழ், 2024 இறுதியில் விலை அதைவிடக் குறைந்திருந்தும் பி.இ. 14-ஐ நெருங்கியது.

கடனைப் பற்றி ஒரு சொல். பி.இ. விகிதம் கடனை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. வட்டி கழிந்த இலாபம் மட்டும் அதன் கண்ணில் படுகிறது. ஸ்டீல் ஆலை கட்டுவதும் நொடித்துப்போன ஆலைகளை ஏலத்தில் எடுப்பதும் பல்லாயிரம் கோடிக் கடனில் நடக்கிறவை. நல்ல ஆண்டில் வட்டி ஒரு பொருட்டாகத் தெரியாது, கெட்ட ஆண்டில் வட்டியே இலாபத்தை விழுங்கிவிடும். கடனையும் சேர்த்து நிறுவனத்தின் மொத்த மதிப்பை எபிட்டாவால் (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள இலாபத்தால்) வகுக்கும் விகிதம் இதற்குப் பொருத்தமானது. சேவையில் அது இருக்கிறது. ஆனால் இரண்டாம் பக்கத்தில், "மேம்பட்டவை" என்ற தலைப்பின் கீழ், கைப்பேசியில் விரலால் நான்கு முறை தள்ளினால்தான் வரும் இடத்தில். உலோகத் துறைக்கு அதை முகப்புக்குக் கொண்டுவரச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். பணிவான பதில் வந்தது, நிரல் நகரவில்லை. அந்த விகிதமும் உச்ச ஆண்டின் எபிட்டாவை வைத்துப் போட்டால் பி.இ. செய்த அதே பிழையைச் செய்யும் என்பதால், அதையும் சராசரி எபிட்டாவால் வகுத்தே நான் பார்க்கிறேன்.

வாடிக்கையாளர் தொடர்பைப் பொறுத்தவரை மனத்தாங்கல் இல்லை. பச்சை முத்திரையை ஸ்டீல், சிமெண்ட், சர்க்கரை போன்ற துறைகளுக்கு எடுத்துவிடுங்கள் என்ற என் கோரிக்கைக்கு, ஓராண்டு கழித்து முத்திரையின் அடியில் "இத்துறையில் இலாபம் ஏற்ற இறக்கம் மிக்கது" என்ற வரியைச் சேர்த்தார்கள். எழுத்து மிகச் சிறியது. முத்திரை இன்னும் பெரியது. கட்டணம் மாதம் முந்நூறு ரூபாய்க் கணக்கில் வருகிறது. பத்தாண்டு அட்டவணைக்காகவும் எக்செல் இறக்கத்துக்காகவும் மட்டுமே என்றாலும் அது நியாயமான விலை என்பேன். "மலிவு" அறிவிப்புகளுக்காகச் சந்தா கட்ட நினைப்பவர், ஸ்டீல் பங்குகளைப் பொறுத்தவரையாவது, அந்தப் பணத்தைச் சேமித்துக்கொள்ளலாம்.

இந்த ஆண்டும் புதுப்பித்துவிட்டேன். உலோகத் துறைக்கென்று தனித் திரை அமைத்து அதில் பி.இ. நிரலை மறைத்து வைத்திருக்கிறேன். புத்தக மதிப்பு விகிதம், சராசரி பி.இ., கடன் ஆகியவை முன்னால் நிற்கின்றன. மாதம் ஒருமுறை பழைய கம்பிக் கடைக்காரருக்குப் போன் செய்து கிலோ விலை கேட்டு அதையும் ஒரு நிரலாக எழுதிவருகிறேன். மாடிதான் கட்டி முடித்தாயிற்றே, இன்னும் எதற்கு ரேட்டு கேட்கிறீர்கள் என்று அவர் சிரிக்கிறார். அந்த எண்ணுக்குச் சேவையில் தனி இடம் இல்லை. "குறிப்பு" என்ற சிறு கட்டத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது.